வெளிநாட்டோடு ராணுவ ஒப்பந்தம் போட்டால் இறையாண்மை போய்விடுமா?

ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்றால் கூட்டுப் பயிற்சி, எரிபொருள், பழுதுபார்ப்பு போன்றவற்றில் உதவிக்கொள்ள இரு நாடுகள் எழுதிவைக்கும் ஏற்பாடு. இறையாண்மை என்பது தன் மண்ணில் கடைசி முடிவைத் தானே எடுக்கும் உரிமை.

குடியாத்தம் பக்கம் ஒருவர் மோட்டார் கெட்டால் அடுத்த நிலத்துக்காரர் தன் கிணற்றிலிருந்து தண்ணீர் விடுவதாகப் பேசிவைத்துக்கொள்வது மாதிரிதான் இது. பட்டாவில் பெயர் மாறாது.

சரி, அப்புறம் ஏன் பயம்? நம் ஆற்காட்டுக் கதையைப் பாருங்கள். நவாப் முகமது அலி தன் பாதுகாப்புக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை நம்பினார். செலவு கடனாக ஏறியது. கடனுக்கு ஈடாக வரி வசூலை எழுதிக்கொடுத்தார். அவருக்குப் பின், 1801 ஒப்பந்தத்தில் நிர்வாகமே கம்பெனி கைக்குப் போனது. நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான். வேண்டாம் என்று சொல்லும் பலம் அவர்களிடம் இல்லை; என் பார்வையில் அதுதான் வேர்க்காரணம். அந்தப் பலம் பிலிப்பைன்ஸுக்கு இருந்தது. 1991-இல் அதன் செனட் (நாடாளுமன்ற மேலவை) அமெரிக்க ராணுவத் தளத்துக்கான புதிய ஒப்பந்தத்தை நிராகரிக்க, மறு ஆண்டே அமெரிக்கப் படை அங்கே சூபிக் விரிகுடாவில் இருந்த தன் கடற்படைத் தளத்தைக் காலி செய்தது.

2016-இல் இந்தியா அமெரிக்காவுடன் போட்ட ‘லெமோவா’ ஒப்பந்தம் இங்கே அமெரிக்கத் தளம் அமைக்கத்தான் என்று பலர் நம்புகிறார்கள்; அதில் தளத்துக்கு இடமே இல்லை, எரிபொருள் நிரப்புவது போன்ற உதவிதான், அதுவும் ஒவ்வொரு முறையும் இந்தியா சம்மதித்தால்தான்.