வெள்ளைபடுதல் எப்போது நோய்?

"கொஞ்ச நாளாக வெள்ளைபடுகிறது, அம்மா உடம்புச் சூடு என்கிறா. டொக்டரிடம் போக வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூடு காரணமில்லை. நிறமின்றியோ பால்வெள்ளையாகவோ, கெட்ட மணமில்லாமல் வந்தால் பயமில்லை. இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடுவதும் இயல்புதான்.

தயிர்க்கட்டி போல வந்து கடித்தால் (அரித்தால்) பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் நிறத்தில் மீன் வெடுக்கு அடித்தால் பக்டீரியாச் சமநிலை குழம்பியிருக்கலாம். மஞ்சள், பச்சை, நுரை என்றால் பாலுறவால் தொற்றும் டிரைக்கொமோனாஸ் என்ற கிருமி ஆகலாம். அப்படியென்றால் துணைவருக்கும் மருந்து வேண்டும்.

பார்மசியில் கேட்டுக் கிறீம் பூசுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சவர்க்காரத்தால் உள்ளே கழுவவும் வேண்டாம், நல்ல பக்டீரியாவும் போய்விடும்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், கர்ப்பம், மாதவிடாய் நிரந்தரமாக நின்றபின் இரத்தக்கறை என்றால் தள்ளிப்போடாதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் காட்டக் காசு கட்டத் தேவையில்லை.