கேள்வி–பதில்: இரண்டே ஆட்டம், ஒரே இடம்

ஈஸ்ட் பெங்கால் பெண்கள் கால்பந்து அணி 2024-25 பருவத்தின் இந்தியன் விமன்ஸ் லீக் சாம்பியன். பிறகு ஏன் ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் தகுதிச்சுற்று ஆட வேண்டி வந்தது?

நம் லீக் சாம்பியனுக்குப் பிரதான சுற்றில் நேரடி இடம் கிடைக்கவில்லை. அதனால் முன்வாசல் சுற்று. ஒரு பிரிவில் மூன்று அல்லது நான்கு அணிகள், எல்லா ஆட்டமும் ஒரே ஊரில், முதலிடத்துக்கு மட்டும் அனுமதி. 2025 ஆகஸ்டில் ப்னோம் பென்னில் ஈஸ்ட் பெங்கால் உள்ளூர் அணியான ப்னோம் பென் கிரவுனை 1-0 என வென்றது, ஹாங்காங்கின் கிச்சியுடன் 1-1 டிரா. நான்கு புள்ளிகள் போதுமானதாக இருந்தன. முந்தைய ஆண்டு ஒடிசா எஃப்சி நுழைந்ததும் இப்படித்தான்.

மூன்று அணிப் பிரிவில் ஆளுக்கொரு வெற்றி என்றால் யார் போவார்கள்?

தலைவலி பிடித்த கேள்வி. அ அணி ஆ-வை 2-0, ஆ அணி இ-யை 1-0, இ அணி அ-வை 3-2 என வென்றதாக வையுங்கள். எல்லோருக்கும் மூன்று புள்ளி. ஆசியக் கூட்டமைப்பின் விதியில் முதலில் பார்ப்பது, சமநிலையில் உள்ள அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி, அதுவும் சமம். அடுத்தது அவற்றில் கோல் வித்தியாசம்: அ-வுக்கு கூட்டல் ஒன்று, இ-க்கு பூஜ்யம், ஆ-வுக்கு கழித்தல் ஒன்று. அ உள்ளே போகிறது. இப்போது அ தோற்ற ஆட்டத்தில் அடித்த இரண்டாவது கோலை மட்டும் அழித்துப் பாருங்கள். 3-1. உடனே இ-க்கு கூட்டல் ஒன்று, அ-வுக்கு பூஜ்யம், இ போய்விடும். 'தோற்றுவிட்டோம், இனி என்ன' என்று கடைசிப் பத்து நிமிடத்தைத் தூங்கி ஓட்டும் அணி வீட்டுக்குப் போவது இப்படித்தான்.

இரண்டு அணிகள் மூன்றாவதை வென்று, தங்களுக்குள் டிரா செய்தால் தலைக்கு நான்கு புள்ளி. அப்போது அந்த மூன்றாவது அணிக்கு எதிரான கோல் வித்தியாசமே கணக்கு. 1-0 ஆனதும் ஆட்டத்தை மெதுவாக்குவது ஆபத்து. கோல் வித்தியாசமும் மொத்த கோலும் ஒன்றானால், பிரிவின் கடைசி ஆட்டத்தில் மோதிய இருவரும் அந்த மைதானத்திலேயே பெனால்டி ஷூட்அவுட் ஆடுவார்கள். இல்லாவிட்டால் அட்டைக் கணக்கு: மஞ்சளுக்கு ஒன்று, இரண்டு மஞ்சளால் வந்த சிவப்புக்கு மூன்று, நேரடிச் சிவப்புக்கு மூன்று, மஞ்சளுக்குப் பிறகு நேரடிச் சிவப்பு வந்தால் நான்கு. குறைவாக வாங்கியவர் மேலே. அதுவும் சமமானால் சீட்டுக் குலுக்கல்தான்.

இந்த வரிசை போட்டிக்குப் போட்டி மாறும். சில இடங்களில் மொத்த கோல் வித்தியாசமே முதலில் வரும். விதிப் புத்தகத்தின் அந்த ஒரு பக்கத்தைப் பயிற்சியாளர் மட்டுமல்ல, கேப்டனும் படித்திருக்க வேண்டும்.

களத்தில் இறங்காமலே தோற்க முடியுமா?

தாராளமாக. வெளிநாட்டு கிளப்பிலிருந்து வரும் வீராங்கனைக்குப் பன்னாட்டு மாற்றுச் சான்றிதழ் வேண்டும், அதாவது ஒரு நாட்டுக் கூட்டமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அனுமதி. பதிவுக்கான கெடு முடிவதற்குள் அது வராவிட்டால் அவர் பார்வையாளர்தான். தகுதியில்லாதவரை இறக்கியது நிரூபணமானால் ஆட்டம் 0-3 தோல்வியாக எழுதப்படும். பெயரிலும் கவனம். நம்மூர் இனிஷியல் பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். பள்ளிச் சான்றிதழிலும் பழைய கிளப் பதிவிலும் ஒற்றை எழுத்தாக இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கடைசி நாளில் நிரூபிப்பது பெரும்பாடு. எல்லாப் பதிவையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே செய்துவிடுங்கள்.

2022-இல் கோகுலம் கேரளா ஆடாமலே திரும்பியதே?

அவர்கள் தவறு ஒன்றும் இல்லை. ஆசிய கிளப் போட்டிக்காக அணி தாஷ்கண்டில் இறங்கிய நேரத்தில், 2022 ஆகஸ்ட் நடுவில், இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பது காரணம். கூட்டமைப்புக்குத் தடை என்றால் அதன் கிளப்புகளுக்கும் தடை. ஆகஸ்ட் 26-இல் தடை நீங்கியது. கோகுலத்தின் வாய்ப்பு அதற்குள் கைநழுவியிருந்தது.

சில நாள் இடைவெளியில் அடுத்த ஆட்டம். வெயிலும் சேர்ந்தால்?

ஐந்து மாற்று வீராங்கனைகளை இறக்கலாம். ஆனால் ஆட்டத்தை நிறுத்த மூன்று வாய்ப்பு மட்டுமே, இடைவேளை தனி. ஒவ்வொருவராக மாற்றி வாய்ப்பைத் தீர்த்துவிட்டு, 85-ஆம் நிமிடம் தசைப்பிடிப்பு வந்தவரை வைத்துக்கொண்டு பத்துப் பேராக நிற்பது அடிக்கடி காணும் பிழை. இருவர் இருவராக மாற்றுங்கள். குளிர்விப்பு இடைவேளை அனுமதிக்கப்பட்டால் 90 வினாடி முதல் மூன்று நிமிடம் வரை கிடைக்கும். தண்ணீரோடு ஈரத் துண்டும் தயாராக இருக்கட்டும்.

ஆப்பிரிக்காவிலும் இப்படித்தானா?

அங்கே கண்டத்தையே ஆறு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித் தகுதிப் போட்டி. கிழக்கு, மத்திய மண்டலத்தில் 2021-இல் கென்யாவின் விஹிகா குவீன்ஸ், 2022-இல் தான்சானியாவின் சிம்பா குவீன்ஸ், 2023-இல் அதே நாட்டின் ஜேகேடி குவீன்ஸ், 2024-இல் எத்தியோப்பியாவின் சிபிஇ என ஆண்டுக்கொரு புது வெற்றியாளர். தெற்கில் தென்னாப்பிரிக்காவின் மாமெலோடி சன்டவுன்ஸ் வலுவான அணியாக இருந்தது; 2021, 2023 ஆண்டுகளில் கண்டக் கோப்பையும் அவர்களுக்கே.

நம்ம சேது எஃப்சி 2019-இல் லீக் கோப்பை வென்றதே, ஆசியாவுக்கு ஏன் போகவில்லை?

மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என வீழ்த்தினார்கள். அந்த ஆண்டு ஆசிய அளவில் நடந்தது வெறும் நான்கு அணிச் சோதனைப் போட்டி. ஜப்பான், சீனா, தென்கொரியா, ஆஸ்திரேலியா மட்டும். இந்திய கிளப்புக்குக் கதவு திறந்தது 2021-இல். ஜோர்டானின் அகாபாவில் ஆடப் போனது கோகுலம்.