கொரியத் தொடரில் வந்த கிம்பாப் கடையைத் தேடிப் போவது வீண் அலைச்சலா?

சியோலில் ஐந்து நாள் தங்கப் போகிறீர்கள். அதில் ஒரு நாளை, ஆட்டிசம் உள்ள ஒரு பெண் வக்கீலைப் பற்றிய 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' தொடரில் வந்த கிம்பாப் (கடல்பாசித் தாளில் சோறு வைத்துச் சுருட்டும் கொரிய உணவு) கடைக்கு ஒதுக்கலாமா, அங்கே சைவமாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: அந்தக் கடையில் கிம்பாப் கிடையாது. நாயகியின் அப்பா நடத்தும் கடையாகக் காட்டிய இடம், சுவோன் நகரத்தில் ஹேங்குங் தோங் என்ற பகுதியில் உள்ள கசகுருமா என்ற ஜப்பானிய உணவுக்கடை. படப்பிடிப்புக்காகத்தான் அது கிம்பாப் கடையாக மாறியது. இது தெரியாமல் பசியோடு போய் நின்று, திரும்பி வந்து திட்டி எழுதுகிறவர்கள் நிறைய.

சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தலைமையகம் இருக்கிற ஊர்தான் சுவோன். என் கணவருக்கு அந்தப் பக்கம் வேலை என்பதால் தொடர் ஒளிபரப்பான 2022-இல் நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம். எங்கள் பையனுக்கு ஆட்டிசம். இதைச் சொன்னதும் "ஓ, அந்த வக்கீல் பெண் மாதிரியா, எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வானா?" என்று கேட்பார்கள். இல்லை. தொடரில் வரும் வூ யங் வூ சட்டப் புத்தகம் முழுவதையும் மனதில் வைத்திருப்பவள். பெரும்பாலான ஆட்டிசக் குழந்தைகள் அப்படி இல்லை, என் பையனும் அப்படி இல்லை. தொடர் நிஜத்தைக் காட்டவில்லை என்று விமர்சிக்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்களோடு சண்டை போட நான் வரவில்லை. எனக்கு அந்தத் தொடரில் ஒட்டிக்கொண்டது நீதிமன்றம் இல்லை, சாப்பாடு.

அவள் தினமும் கிம்பாப் மட்டும்தான் சாப்பிடுவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று வெட்டிய துண்டில் கண்ணுக்குத் தெரியும், வாயில் எதிர்பாராத எதுவும் தட்டுப்படாது என்பதுதான் காரணம். அப்பா அதைப் புரிந்துகொண்டு தினமும் சுருட்டிக் கொடுப்பார். என் பையன் இட்லியின் ஓரத்தில் ஒரு சொட்டு சாம்பார் பட்டால் அந்த இட்லியைத் தொடமாட்டான். தயிர்சாதத்தில் ஒரு கடுகு கிடந்தால் தட்டையே தள்ளிவிடுவான். "நீ கொடுக்கிற செல்லம்" என்று எத்தனை கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன் தெரியுமா? அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் பார்த்தபோது, எங்கள் சமையலறையை யாரோ வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

தொடர் முடிந்த கொஞ்ச நாளில் அந்தக் கடைக்குப் போனோம். வீடியோ காலில் இதைக் கேட்ட என் நாத்தனார் சிரித்தார். "டிவியில வந்த ஹோட்டலைப் பார்க்க யாராவது போவாங்களா?" போவார்கள். வாசலில் அன்றைக்கு அவ்வளவு கூட்டம். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிர்ப்புறம் நின்று அந்தக் கடையையே பார்த்தான். கதவு, ஜன்னல், படி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். அப்புறம் "அப்பா எங்கே?" என்றான். அவன் அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவன் கேட்டது கிம்பாப் சுருட்டும் அப்பாவை.

வரிசையில் காத்திருக்க அவனால் முடியாது. அதனால் பால்தால்முன் கோட்டை வாசல் பக்கம் நடந்தோம். அங்கே சந்தை இருக்கிறது. சந்துக்குள் ஒரு சின்ன கிம்பாப் கடை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மா நின்று சுருட்டிக்கொண்டிருந்தார். மூங்கில் பாயில் கடல்பாசித் தாளை விரித்து, நல்லெண்ணெயும் உப்பும் கலந்த சோற்றைக் கையுறையோடு மெல்லிசாகப் பரப்பினார். மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெறும் தாளாக விட்டார். கேரட், கீரை, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், வதக்கிய கோபோ என்ற பழுப்பு நிற வேர் என்று ஒன்றோடு ஒன்று கலக்காமல் வரிவரியாக அடுக்கினார். ஒரே அழுத்தாக அழுத்திச் சுருட்டி, மேலே எண்ணெய் தடவி, எள் தூவி வெட்டினார். பையன் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தான். நான் கூப்பிடவே இல்லை.

தட்டு வந்ததும் ஒவ்வொரு துண்டிலிருந்தும் அந்தப் பழுப்பு நிற வேரை மட்டும் விரலால் தள்ளி எடுத்து ஓரமாக வரிசையாக வைத்தான். மீதியைச் சாப்பிட்டான். முழுவதையும். வீட்டுக்கு வெளியே ஒரு கடையில் உட்கார்ந்து அவன் தட்டைக் காலி செய்தது அதுதான் முதல் தடவை. இன்னொன்று கேட்டோம். அந்த அம்மா தட்டின் ஓரத்தைப் பார்த்திருக்கிறார் போல, இரண்டாவதில் அந்த வேர் இல்லை. நாங்கள் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

"ஒரு சீரியலால் என்ன ஆகிவிடும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ENA என்ற சின்ன சேனலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பார்வையாளர்களோடு தொடங்கிய தொடர் அது. 16-வது, கடைசிப் பகுதியில் 17 சதவீதத்தைத் தாண்டியது. அதில் ஒரு வழக்கில் வந்த பெரிய மரம் சாங்வோன் என்ற ஊரில் நிஜமாகவே நிற்கிறது. சுமார் 500 வருட மரம், 2022 அக்டோபரில் அரசே அதை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. அந்தச் சமயத்தில் பஸ்ஸில் பையன் காதைப் பொத்திக்கொண்டு ஆடினால் முறைத்துப் பார்ப்பது குறைந்ததையும் நான் கவனித்தேன். ஊரே திருந்திவிட்டது என்று சொல்லவில்லை. எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

சென்னைக்குத் திரும்பி வந்தபோது நிலைமை வேறு. ஒரு பள்ளியில் விண்ணப்பத்தில் "ஆட்டிசம்" என்ற வார்த்தையைப் பார்த்ததும், பையனைப் பார்க்காமலே "எங்களுக்கு வசதி இல்லை மேடம்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அரசு உதவி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இதை எடுத்துச் சொன்னதற்கு "வேற நல்ல ஸ்கூல் பாருங்க" என்று அறிவுரை கிடைத்தது. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் பெயர்கூடத் தெரியாத ஒரு கடைக்கார அம்மா தட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டதை, படித்தவர்கள் நிறைந்த ஓர் அலுவலகத்தால் புரிந்துகொள்ள முடியவில்லையே என்பது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். சியோலிலிருந்து 1-ஆம் எண் மெட்ரோவில் சுவோன் நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், சாதாரண ரயில் என்றால் அதில் பாதி. அங்கிருந்து ஹ்வாசோங் ஹேங்குங் அரண்மனைக்கு பஸ் இருக்கிறது. கடைக்காக மட்டும் போகாதீர்கள். அரண்மனையைச் சுற்றியுள்ள கோட்டை 1796-இல் கட்டி முடிக்கப்பட்டது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது, மதிலின் மேல் நடக்கலாம். 'டே ஜாங் கும்' என்ற கொரியத் தொடரைப் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் அதன் காட்சிகளும் அந்த அரண்மனையில் எடுக்கப்பட்டன என்று சொல்லுங்கள், சிரித்தவர்கள் முதலில் கிளம்புவார்கள். தெருக்கள் குடியிருப்புப் பகுதி, ஜன்னலை எட்டிப் பார்த்துப் படம் எடுக்க வேண்டாம். கடை வாசலை மறிக்கிற அளவு நின்றால் உள்ளே போய் ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள், அது அவர்களுடைய பிழைப்பு.

சைவம் பற்றி: சாதாரண கிம்பாப்பில் பெரும்பாலும் ஹேம் (பன்றி இறைச்சி), மீன் கேக், முட்டை மூன்றும் இருக்கும். சில கடைகளில் நண்டுக் குச்சியும் சேர்ப்பார்கள். "ஹேம், ஓமுக், மாட்சல், கேரான் பே ஜுசேயோ" (ஹேம், மீன் கேக், நண்டுக் குச்சி, முட்டை வேண்டாம்) என்று கேட்டால் அவற்றை விட்டுவிட்டுச் சுருட்டித் தருவார்கள். உங்களுக்குச் சுருட்டும்போதே கேட்க வேண்டும், அடுக்கி வைத்ததில் எடுக்க முடியாது. கத்தியும் பலகையும் ஒன்றுதான், அது ஒத்துவராது என்றால் தவிர்த்துவிடுங்கள். கூடவே இலவசமாக வரும் சூப் பெரும்பாலும் நெத்திலி போட்டுக் கொதிக்க வைத்தது, கிம்ச்சியில் (புளிக்க வைத்த காய்கறி) பெரும்பாலும் இறாலோ மீன் சாறோ இருக்கும். அந்த இரண்டையும் தொடாமல், கிம்பாப்பையும் மஞ்சள் முள்ளங்கியையும் மட்டும் சாப்பிடுங்கள்.