504 சொல்வது என்ன?

கேள்வி: தேர்வு முடிவு வெளியான காலையில், இணையதளத்தின் தலைப்பும் படங்களும் உடனே வந்துவிட்டன. மகளின் பதிவெண்ணைக் கொடுத்ததும் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் ‘504’ என்று வந்தது. பத்து முறை ரெஃப்ரெஷ் செய்தும் பயனில்லை. கோளாறு என் போனிலா?
– வாசகர் ஒருவர், தேனி

பதில்: போனில் இல்லை. தலைப்பும் படங்களும் கோப்புகளாக ஏற்கெனவே இருப்பவை. என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் அவற்றை எடுத்து அப்படியே அனுப்பிவிடும். மதிப்பெண் பக்கம் அப்படி இருப்பில் கிடையாது. நீங்கள் கேட்ட பிறகுதான் உருவாகிறது. முன்னால் நிற்கும் சர்வர் உங்கள் கோரிக்கையைப் பின்னால் உள்ள நிரலிடம், பிஎச்பி மொழியில் எழுதியது என்று வைத்துக்கொள்வோம், ஒப்படைக்கிறது. நிரல் பதிவெண்ணைச் சரிபார்த்து, தரவுத்தளத்தில் அந்த எண்ணுக்குரிய வரியைத் தேடியெடுத்து, எச்டிஎம்எல் பக்கமாக்கித் திருப்பித் தருகிறது. சாதாரண நாளில் ஒரு வினாடிக்குள் முடிகிற வேலை.

வெப் சர்வர் வேறொரு நிரலை இயக்கிப் பதில் வாங்கும் சிஜிஐ என்ற முறை 1993-இல் வந்தபோது ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரலைப் புதிதாக இயக்கினார்கள். இப்போது வொர்க்கர் எனப்படும், நிரலை இயக்கும் சில செயல்முறைகளைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். ஒரு வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் பார்க்கும். பிஎச்பிக்கு இந்த வொர்க்கர்களை நிர்வகிக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்முடன் வரும் மாதிரி அமைப்பில் அதிகபட்சம் 5 வொர்க்கர்கள்தான். அதை மாற்றாமல் விட்டால், ஆறாவது ஆளிலிருந்து எல்லோரும் வரிசையில். மாற்றி அமைக்காத என்ஜின்எக்ஸ் 60 வினாடி பொறுக்கும். அதற்குள் பின்னாலிருந்து பதில் வராவிட்டால் 504 என்று சொல்லிவிடும்.

ரெஃப்ரெஷ் செய்தால் பழைய கோரிக்கை ரத்தாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் நிரலுக்கு, நீங்கள் போய்விட்டது தெரியாது. யாரும் படிக்கப்போகாத பக்கத்தையும் அது செய்துகொண்டிருக்கும். ஐந்து நிமிடம் விட்டு ஒருமுறை முயல்வதே நல்லது. ஆனாலும் உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மகளின் மதிப்பெண்ணுக்காகக் காத்திருப்பவர் கை சும்மா இருக்குமா?

கேள்வி கேட்க வேண்டியது தளத்தை நடத்துபவர்களிடம். வெளியிட்ட மதிப்பெண் அன்று காலைக்குள் மாறப்போவதில்லை. அப்புறம் எதற்கு ஒவ்வொருவருக்கும் தரவுத்தளத்தைத் தட்டி எழுப்ப வேண்டும்? முந்தின இரவே எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கலாம். குறைந்தது, பதிவெண்ணுக்கு ஒழுங்காக இன்டெக்ஸ், அதாவது எந்த எண் எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை, போட்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஒரு மாணவிக்காக லட்சக்கணக்கான வரிகளையும் தேட வேண்டியிருக்கும். தேதியும் நேரமும் அவர்களே அறிவித்தவை. எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்ற கணக்கும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ‘எதிர்பாராத கூட்டம்’ என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள்.