பெபேயாளிடமிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் சிஎஸ்ஐ சபைக்குப் புதிதாக ஒரு பெண் போதகர் வந்திருக்கிறார். நன்றாகப் பிரசங்கிக்கிறார். ஆனால் சபையின் மூத்தவர் ஒருவர், அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டேன் என்று பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போய்விடுகிறார். கேட்டால், "வேதத்தில் இடமில்லை" என்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைப் பற்றி வாசிக்க நினைக்கிறோம். என்ன புத்தகங்கள் வாங்கலாம்? எங்களில் ஆங்கிலம் சரளமாக வாசிப்பவர்கள் மூன்று பேர்தான்.
— சங்கச் செயலாளர் ஒருவர்

அன்புச் சகோதரிக்கு,

புத்தகத்துக்குப் பணம் திரட்டுவதற்கு முன், வீட்டில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் ரோமர் 16ஐத் திறங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப்போகும் அதிகாரம் அது. முதல் வசனத்திலேயே பெபேயாளைக் கெங்கிரேயா சபையின் "ஊழியக்காரி" என்கிறார் பவுல். கிரேக்கத்தில் டியாகொனொஸ். எபேசியர் 3:7இல் அதே சொல்லைத் தமக்கே சூட்டிக்கொள்கிறார், தமிழில் "ஊழியக்காரன்". ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பிலோ பவுல் 'மினிஸ்டர்', பெபேயாள் 'செர்வன்ட்'. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஓரவஞ்சனையைச் செய்யவில்லை. கூட்டத்து நோட்டீஸில் 'தேவ ஊழியக்காரர்' என்று அச்சிட்டால் அது யாரைக் குறிக்கும் என்று உங்கள் மூத்தவருக்கு நன்றாகத் தெரியும். பெபேயாள் என்றால் மட்டும் ஆலயம் கூட்டிப் பெருக்கியவள் என்று எப்படித்தான் நினைத்துக்கொள்கிறோமோ!

ஏழாம் வசனத்தில் யூனியா வருகிறார், "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்". அவரைப் பற்றியே எல்டன் எப் என்ற அறிஞர் 2005இல் ஒரு சிறிய நூல் எழுதினார்: 'யூனியா: முதல் பெண் அப்போஸ்தலர்'. நான்காம் நூற்றாண்டுச் சபைத் தந்தை கிறிசொஸ்தோமே அவரைப் பெண்ணென்று ஏற்றுப் புகழ்ந்திருக்க, பிற்காலத்தார் 'யூனியாஸ்' என்று ஆணாக்கினார்கள். அறிஞர்கள் பயன்படுத்தும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பிலேயே 1927 முதல் 1998 வரை அவர் ஆணாகத்தான் இருந்தார், அதுவும் எழுத்தின் மேல் போடும் ஓர் அழுத்தக்குறியின் தயவால்! நூலின் நடுப்பகுதி கிரேக்க இலக்கணத்தில் மூழ்கிவிடும். அந்த மூன்று பேரில் பொறுமைசாலியிடம் அதைக் கொடுத்து, கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

மூத்தவர் கையில் வைத்திருக்கும் வசனம் 1 தீமோத்தேயு 2:12ஆகத்தான் இருக்கும்: உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் ஸ்திரீக்கு உத்தரவில்லை என்பது. அதை ஒதுக்கிவிட்டுப் படிப்பது நேர்மையல்ல. 'டூ வியூஸ் ஆன் விமன் இன் மினிஸ்ட்ரி' என்ற தொகுப்பின் திருத்திய பதிப்பை (2005) வாங்குங்கள். பெண் தலைமைக்கு ஆதரவாக இருவர், வரம்பு வேண்டும் என்று இருவர், ஒருவர் எழுதியதற்கு மற்றவர்களின் மறுமொழி என்று போகும். அந்த வசனத்தில் "அதிகாரஞ்செலுத்தவும்" என்று நாம் வாசிக்கும் கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் வேறெங்குமே இல்லை. அது சாதாரண அதிகாரமா, அடக்கியாளுதலா என்பதில்தான் சண்டை முழுவதும். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன். ஆனாலும் எதிர்த்தரப்பில் ஷ்ரைனரின் கட்டுரை எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல.

பெத் அலிசன் பாரின் 'தி மேக்கிங் ஆஃப் பிப்ளிக்கல் வுமன்ஹுட்' (2021) பரபரவென்று வாசிக்க வைக்கும். அவர் வரலாற்றுப் பேராசிரியர்; அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளோடு அவருக்குள்ள வழக்கு அது. நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது என்பதால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். பாளையங்கோட்டையில் 1785இல் ஆலயம் கட்டியவர் குளோரிந்தா என்ற பிராமண விதவைப் பெண். அது இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில்தான். உங்கள் திருச்சபை நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்ப லலிதாவைப் பேராயராக அபிஷேகம் செய்தது 2013இல். ஆகவே உங்கள் போதகர் யாரிடமும் சலுகை கேட்டு வந்தவரல்லர்.

நற்கருணை என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஃப்ளோரன்ஸ் லி டிம்-ஓய் என்ற சீனப் பெண், ஆங்கிலிக்கன் உதவிகுரு. இரண்டாம் உலகப் போரின்போது, அவர் பணியாற்றிய மக்காவ் நகரம் அகதிகளால் நிறைந்திருந்தது. நற்கருணை கொடுக்க அங்கே குருவானவர் வர வழியில்லை. பேராயர் ரொனால்ட் ஹால் 1944 ஜனவரி 25 அன்று லி டிம்-ஓய்க்குக் குருத்துவ அபிஷேகம் கொடுத்தார். ஆங்கிலிக்கன் சபைகளில் ஒரு பெண் குருவானது அதுவே முதல்முறை. போர் முடிந்ததும் மேலிடத்தில் எதிர்ப்பு கிளம்ப, பேராயருக்குச் சங்கடம் வேண்டாம் என்று குருவாகப் பணியாற்றும் உரிமத்தை அவரே திருப்பிக் கொடுத்தார். குருத்துவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தக் கதையைச் சங்கத்தில் சொல்ல எந்தப் புத்தகமும் தேவையில்லை.

முதல் கூட்டத்துக்கு அந்த மூத்தவரையும் அழையுங்கள். வாதாட வேண்டாம். ரோமர் 16ஐச் சத்தமாக வாசிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.