தசமபாகம், டூட்டி, தராசு: வீட்டிலும் வேலையிலும் விசுவாசம் (கேள்வி பதில்)

ஜெபம், உபவாசம் என்று தொடங்கும் கேள்விகளும் கடைசியில் பணத்திலும் நேரத்திலும் உறவிலும்தான் வந்து நிற்கின்றன. பதில்களில் வரும் வசனங்கள் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பின்படி. சபை ஒழுங்கு இடத்துக்கு இடம் மாறும். அதற்கு உங்கள் ஆயரைக் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, இரவு குடும்ப ஜெபம் என்றாலே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். பெரியவளுக்கு 13 வயது, சின்னவனுக்கு 9. அவன் பாதியில் தூங்கியே விடுகிறான். கட்டாயப்படுத்தலாமா?

எத்தனை மணிக்கு ஜெபிக்கிறீர்கள்? ஒன்பதரைக்கு என்றால் குற்றம் பிள்ளையிடம் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன், ஏழரை மணிவாக்கில் வையுங்கள். மொத்தம் 15 நிமிடம் போதும்: பாமாலையிலோ கீர்த்தனையிலோ இரண்டு சரணம், 12 வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், பரமண்டல ஜெபம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், சுமார் 680 வசனம். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். ஒரு புத்தகத்தை முடித்த சந்தோஷம் பிள்ளைகளுக்கும் வேண்டும். ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்குகிற வீடுகள் பல லேவியராகமத்தில் நின்றுவிடுகின்றன. பழைய மொழிபெயர்ப்பு சின்னவன் நாக்கில் புரளவில்லை என்றால், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை அவன் கையில் கொடுங்கள்.

ஜெபத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். "ஆண்டவரே, இவள் கணக்கில் வாங்கின மார்க்கை நீர் அறிவீர்" என்பது ஜெபம் அல்ல, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. திட்ட வேண்டுமானால் கண்ணைத் திறந்து நேரே திட்டுங்கள். அப்பாவின் பிரசங்கமும் வேண்டாம். பெரியவள் ஒரு கேள்வி கேட்டால் அதைப் பேசுங்கள். செல்போன்கள் அடுத்த அறையில் இருக்கட்டும், வேதாகமச் செயலி உள்ளதும் சேர்த்து. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக்காதீர்கள்.

கேள்வி: பிடித்தம் போகக் கைக்கு 26,000 வருகிறது. 3 வட்டிக்கு வாங்கின 50,000 கடன் இருக்கிறது. ஊரில் அம்மாவுக்கு மாதம் 3,000 அனுப்புகிறேன். அதை நிறுத்தியாவது தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடு, கடன் தானாகத் தீரும் என்கிறார் சபை ஊழியர் ஒருவர். மொத்தச் சம்பளத்தில் கணக்கிட வேண்டுமாம்.

முதலில் அம்மா. மாற்கு 7:9-13 வாசியுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். அந்த 3,000 நிற்கக் கூடாது. ஆலோசனை சொன்னவருக்கும் இந்தப் பகுதியை மரியாதையாகக் காட்டுங்கள்.

அடுத்து கடன். 50,000க்கு 3 வட்டி என்றால் மாதம் 1,500, வருடம் 18,000. இவ்வளவும் கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். வேலை செய்கிற இடத்தில் கூட்டுறவுக் கடன் சங்கம் இருந்தால் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் வீட்டில் பெட்டியில் கிடக்கும் நகையை வங்கியில் அடகு வைத்து இந்தக் கடனை அடையுங்கள். அங்கே வட்டி பாதிக்கும் குறைவாகவே வரும். பிறகு அந்த நகைக்கடனில் வட்டியோடு அசலும் குறையும்படி மாதாமாதம் கட்டுங்கள். வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போவதில்தான் நகை ஏலத்துக்குப் போகிறது.

இனி தசமபாகம். மொத்தமா, கைக்கு வருவதா என்கிற வழக்குக்குப் புதிய ஏற்பாட்டில் தீர்ப்பு இல்லை. பி.எஃப். பணம் இன்னும் உங்கள் கைக்கே வரவில்லை. வருகிற காலத்தில் அதைப் பார்க்கலாம். இப்போது 26,000இல் 3 சதவீதம், 780 ரூபாய். சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள், மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. கடன் தீர்ந்த மாதமே 5 சதவீதம் ஆக்குங்கள், பிறகு 10. உபாகமம் 14:28-29இல் மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தைப் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் லேவியனோடு (ஆலய ஊழியன்) சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். தெருவில் கஷ்டப்படுகிற வீட்டுக்குப் போவதும் அந்தக் கணக்கில் சேரும்.

கொடுக்கிறவனுக்கு "இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்கிறது 2 கொரிந்தியர் 8:12. கடன் வாங்கிப் பொருத்தனைக் காணிக்கை போடச் சொல்கிறவர்கள் இந்த வசனத்தை வாசிப்பதே இல்லை.

கேள்வி: பட்டா மாறுதலுக்கு 5,000 கேட்கிறார்கள். கொடுக்காமல் வேலை நடக்காது. ஜெபித்துவிட்டுக் கொடுத்தால் பாவமா?

ஜெபம் லஞ்சத்துக்கு ரசீது ஆகாது. ஆனால் "கொடுக்காதே" என்று சொல்லிவிட்டு உங்களைத் தனியே விடுவதும் நியாயமில்லை. வழி இது.

மனுவை இ-சேவை மையம் வழியாக அல்லது இணையத்தில் போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். விண்ணப்ப எண் பத்திரமாக இருக்கட்டும். உங்களுடையது உட்பிரிவு செய்ய வேண்டிய நிலமா, இல்லையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உட்பிரிவு என்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், நாள் எடுக்கும். அந்தத் தாமதத்தை லஞ்சத்துக்கான இழுத்தடிப்பு என்று தவறாக நினைப்பவர்கள் உண்டு. மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் காகிதக் குறையால்: தாய்ப்பத்திரத்தில் உள்ள பெயரும் பழைய பட்டாவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாது, அல்லது வாரிசுச் சான்றிதழ் இருக்காது. காகிதம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். "என் மனு இன்று யார் மேஜையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த ஒரு கேள்விக்கே பல கோப்புகள் எழுந்து நடக்கும்.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்துவிட்டவர் 7 நாளுக்குள் காவல் துறையிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ தெரிவித்தால் அந்தச் சட்டப் பிரிவு அவரைத் தொடாது.

நாற்காலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை: லூக்கா 3:13-14இல் ஆயக்காரரிடமும் (வரி வசூலிக்கிறவர்கள்) சேவகரிடமும் (போர்வீரர்கள்) யோவான் ஸ்நானகன் வேலையை விடச் சொல்லவில்லை; ஆயக்காரரிடம் கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்கிறார், சேவகரிடம் சம்பளமே போதுமென்றிரு என்கிறார்.

கேள்வி: செவிலியராக இருக்கிறேன். மாதத்தில் மூன்று ஞாயிறு டூட்டி விழுகிறது. மனசு உறுத்துகிறது.

உறுத்த வேண்டாம், சகோதரி. ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடலாம் என்றால் நோயாளியைக் கவனிக்கலாம். சபையில் எந்த ஞாயிறு திருவிருந்து என்று பார்த்து, டூட்டி அட்டவணை போடும் முன்பே அந்த ஒரு ஞாயிறை மட்டும் கேளுங்கள். தீபாவளி, பொங்கல் டூட்டியை நீங்கள் எடுத்துக்கொண்டு ஈஸ்டரை மாற்றிக் கேட்டால் சக ஊழியர்கள் மனதாரச் சம்மதிப்பார்கள். கத்தோலிக்கர் என்றால் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமையை நிறைவு செய்யும். இரவு டூட்டி முடித்த தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டரில் காலை ஆராதனைக்குப் போகாதீர்கள்; தூங்கி எழுந்து மாலை ஆராதனைக்குப் போங்கள்.

கேள்வி: கணவர் வீட்டில் நான் மட்டும் விசுவாசி. மாமியார் பிரசாதம் கொடுத்தால் என்ன செய்ய?

1 கொரிந்தியர் 10:27-28இல் பவுல், விசாரிக்காமல் சாப்பிடு என்றும், படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர் நிமித்தம் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். நம் சபைகளில் பெரும்பாலானவை வேண்டாம் என்றே போதிக்கின்றன. சிக்கல் எப்போதும் சொல்லும் விதத்தில்தான். பூஜை நேரத்தில், உறவினர் முன்னால் மறுத்தால் அது மாமியாருக்கு அவமானம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே தனியாக, "அத்தை, இது ஒன்று மட்டும் என்னால் முடியாது, மற்ற வேலை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே சமையலும் விருந்தாளி கவனிப்பும் உங்கள் கையில் இருக்கட்டும். அவர்கள் தெய்வத்தைப் பற்றி ஒரு இழிசொல்லும் வாயில் வரக் கூடாது. பிள்ளைகளைக் கணவருக்குத் தெரியாமல் ஞானஸ்நானத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். அப்படி நடந்த வீடுகளில் சபையின் பெயரே சண்டைக்குக் காரணமாகிவிடுகிறது.

கேள்வி: சர்க்கரை நோய் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் உபவாசம் இருக்கலாமா?

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுக்கிறவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையும் விடக் கூடாது. சர்க்கரை 70க்குக் கீழ் போனால் உடனே 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உபவாசத்தை முறித்தோமே என்று தயங்கி மயங்கி விழுகிறவர்கள் உண்டு. ஞாயிறுகள் நீங்கலாக 40 நாளும் இறைச்சியை விடலாம், சீரியலை விடலாம். மிச்சமான பணம் ஏசாயா 58:7 சொல்வதுபோல் பசித்தவனுக்குப் போகட்டும்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எடை விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மின்னணுத் தராசுக்கு வருடம் ஒரு முறை, இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தொழிலாளர் துறையின் முத்திரை. தட்டில் பாத்திரத்தை வைத்தபின் பூஜ்யம் ஆக்கிவிட்டுச் சரக்கைப் போடுங்கள். மின்விசிறிக் காற்று நேரே அடிக்கும் இடத்தில் தராசை வைத்தால் எண் ஆடும். அரைக் கிலோ என்று கட்டி வைக்கிற பொட்டலத்தில் கவரின் எடையைச் சேர்க்காதீர்கள்.