ஓடவும் பிடிக்கவில்லை, நிறுத்தவும் மனம் வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 42. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. மூன்று வருடமாக ஓட்டம், சைக்கிள் இரண்டும் உண்டு. ஆரம்பத்தில் ஜாலியாகத்தான் இருந்தது. ஸ்மார்ட் வாட்ச் வாங்கி, நண்பர்களோடு ஸ்ட்ராவாவில் (ஓட்டத்தைப் பதிந்து மற்றவர்களோடு பகிரும் செயலி) சேர்ந்த பிறகு தினமும் நேற்றைய நேரத்தை முந்தப் பார்க்கிறேன். வாரம் ஆறு நாள் பயிற்சி. எப்போது ஓடினாலும் நாடித்துடிப்பு 155–160. ஆனாலும் 10 கி.மீ. ஓட 58 நிமிடம் ஆகிறது. நான்கு மாதமாக அது குறையவே இல்லை. காலையில் எழுந்ததும் 58 ஆக இருந்த நாடி இப்போது 67. தூக்கம் சரியில்லை, வீட்டில் எரிந்து விழுகிறேன். ஜனவரியில் சென்னை மாரத்தானில் 10 கி.மீ.க்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பயிற்சியைக் கூட்டட்டுமா, இல்லை நேரத்தை மறந்துவிட்டுச் சும்மா ஓடட்டுமா?

பதில்: கூட்டவே கூட்டாதீர்கள். நேரத்தை ஒரேயடியாக மறக்கவும் வேண்டாம். சந்தோஷம், வேகம் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இரண்டுமே ஒரே காரணத்தால் போனதுபோல் தெரிகிறது.

ஓடப் பிடிக்காமல் போவதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துப் பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். டாக்டருக்கு அது ஓர் அறிகுறி. அதோடு காலை நாடி ஏறுவது, தூக்கம் கெடுவது, எரிச்சல், முன்னேற்றம் நின்றுபோவது எல்லாம் சேர்ந்தால், உடம்பு தேறுவதற்குள் அடுத்த பயிற்சியைத் திணிக்கிறீர்கள் என்ற சந்தேகம்தான் முதலில் வரும். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்கள் இல்லை என்று பார்த்த பிறகே சொல்ல முடியும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்துக் கையிருப்பு), தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நாடி ஏறும், தூக்கம் போகும், கோபம் வரும்.

அப்புறம் அந்த 155–160. உங்கள் வயதுக்கு அதிகபட்ச நாடி தோராயமாக 179 (வயதை 0.7 ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கும் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய இருக்கலாம்). அப்படியானால் ஆறு நாளும் கிட்டத்தட்ட 90 சதவீதத்தைத் தொட்டு ஓடுகிறீர்கள். பந்தய வேகத்துக்கு உரிய உழைப்பு இது. தினமும் இப்படி ஓடினால் கால் எப்போதும் கனத்துத்தான் இருக்கும், நிஜமாகவே வேகம் எடுக்க வேண்டிய நாளில் தெம்பு இருக்காது. ஸ்டீபன் சைலர் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர் உலகத்தர வீரர்களின் பயிற்சியை அலசியபோது, சுமார் 80 சதவீதப் பயிற்சிகளை அவர்கள் லேசாகத்தான் செய்கிறார்கள் என்று கண்டார். தசையில் நுண் ரத்தக்குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரிக்கும் திறன் கூடுவதும் அந்த லேசான ஓட்டத்திலேயே நடக்கின்றன.

லேசு என்றால் எவ்வளவு? பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாக ஊர்க்கதை பேச முடிய வேண்டும். உங்களுக்கு அது 135க்குக் கீழே இருக்கும். முதல் வாரம் கௌரவப் பிரச்சினையாகத்தான் தெரியும். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம்கூட ஆகலாம், நடுவில் நடக்கவும் வேண்டிவரும். நடங்கள். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு நாடி கூடுதலாகத் துடிக்கும். மே மாத நேரத்தை டிசம்பர் நேரத்தோடு ஒப்பிடுவது அர்த்தமில்லாத வேலை.

அடுத்த இரண்டு வாரம் பயிற்சியைப் பாதியாக்குங்கள், எல்லாமே லேசாக. காலை நாடி பழையபடி 60க்குள் இறங்கி, தூக்கமும் திரும்பியதும் வாரம் ஒரே ஒரு கடினமான நாள் சேருங்கள்; ஐந்து நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவாக, நான்கு முறை. வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. ஞாயிறு ஈசிஆரில் முட்டுக்காடு வரை சைக்கிள் போவதானால் வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, வழியில் நின்று இளநீர் குடித்துவிட்டு வாருங்கள். ஸ்ட்ராவாவை அழிக்கச் சொல்லவில்லை. கடினமான நாளை மட்டும் அதில் ஏற்றுங்கள் போதும். மற்ற நாள் எண்ணை யார் பார்த்து என்ன ஆகப்போகிறது?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், கண் இருட்டுவது, தாறுமாறான படபடப்பு இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள். ஓட்டம் அதற்குப் பிறகுதான்.

ஜனவரி ஓட்டத்துக்குப் போகலாம், நாடியும் தூக்கமும் சரியாகியிருந்தால். முதல் மூன்று கி.மீ. வரை, கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்பதைவிட வேகமாக ஓடாதீர்கள். அன்று காலை வலி வராமல் இருக்க என்று யாராவது ஐபுபுரூஃபன் நீட்டினால் வாங்காதீர்கள். உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.